டோராயாகியா, தாய்யாகியா, இமகாவாயாகியா: வீட்டில் எதைச் செய்வது?

கார்ட்டூனில் வரும் நீலப் பூனை ரோபோ ஆசை ஆசையாகத் தின்னும் அந்தக் கேக்கை வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கொஞ்சம் தேடிப் பார்த்ததுமே அவர்களுக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. இரண்டு அப்பங்களை ஒட்டி வைத்ததாக ஒன்று இருக்கிறது; அந்தப் பூனை தின்னும் டோராயாகி அதுதான். மீன் வடிவில் ஒன்று, தாய்யாகி. தடித்த வட்டமாக இன்னொன்று, இமகாவாயாகி. மூன்றின் உள்ளேயும் அதே சிவப்புப் பயற்றுப் பூரணம். மாவும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றேதான். எதற்குப் பாத்திரம் வாங்குவது, எதில் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். செய்ததை எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். டோராயாகி மறுநாளைக்கான பண்டம். தாய்யாகி அந்த நிமிடத்துக்கானது. இமகாவாயாகி, வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும் மாலை நேரத்துக்கானது. இதைத் தெரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஜப்பானில் இவற்றை விற்கும் இடங்களைப் பார்த்தாலே இது புரியும். டோராயாகி இனிப்புக்கடைப் பண்டம். ஒவ்வொன்றாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, ஒருவர் வீட்டுக்குப் போகும்போது கையில் கொண்டுபோவார்கள். அதற்குப் பேர்போன உசாகியா, டோக்கியோவின் உவேனோ பகுதியில் 1913இல் தொடங்கிய கடை. தாய்யாகி, அடுப்புக்கு முன்னால் வரிசையில் நின்று, தாளில் வாங்கி, நடந்துகொண்டே தின்பது. அதற்குப் பேர்போன நானிவாயா 1909இல் தொடங்கியது. இன்று டோக்கியோவின் அசாபு-ஜூபான் பகுதியில் இருக்கிறது. இரண்டுக்கும் மூத்தது இமகாவாயாகி. 1770களில், இன்றைய டோக்கியோவான எடோவில், கண்டா பகுதியின் இமகாவா பாலத்தருகே விற்கத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அதுவும் சூட்டோடு விற்கும் கடைத்தெருப் பண்டம்தான்.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

சாப்பிடும் நேரத்துக்கு அடுத்தபடி பாத்திரம். உங்களிடம் இருக்கும் தவாவிலேயே ஆகுமா, தனி அச்சு வாங்க வேண்டுமா? வாங்கினால் வருஷத்துக்கு எத்தனை தடவை அடுப்பில் ஏறும்?

மூன்றாவது, அடுப்படியில் நிற்கும் நேரம். சமையல் குறிப்புகளில் எழுதியிருக்கும் 'பத்து நிமிடம்' ஒரு ஈட்டுக்கான கணக்கு. ஆறு பேருக்கு எத்தனை ஈடு என்பதை அந்தக் குறிப்பு சொல்லாது.

நான்காவது, முட்டையும் சர்க்கரையும். முட்டை சேர்க்காத வீடுகளுக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும்.

ஐந்தாவது, கைப்பழக்கம். மூன்றிலும் கை தடுமாறும் இடம் ஒவ்வொரு மாதிரி: டோராயாகியில் நிறம், தாய்யாகியில் கசிவு, இமகாவாயாகியில் நடுப்பகுதி வேகாமல் போவது.

பூரணம் மூன்றுக்கும் பொது. உண்மையான உழைப்பும் அதில்தான் இருக்கிறது என்பதால் அதைத் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

## டோராயாகி

தனிப் பாத்திரம் எதுவும் தேவைப்படாதது இது ஒன்றுதான். கீறல் விழாத நான்ஸ்டிக் தவாவும் மூடியும் போதும். இரும்புத் தோசைக்கல்லில் செய்யாதீர்கள். எண்ணெய் ஊறிப் பழகிய கல்லில் மாவு விழுந்ததும் வலைவலையாகப் புள்ளி விழும். தோசை வாசமும் ஒட்டிக்கொள்ளும். டோராயாகியின் அழகே மேல்பரப்பு முழுக்க ஒரே சீராகப் படிந்த பழுப்பு நிறம்தான்.

மாவின் அடிப்படைக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. முட்டை, சர்க்கரை, மைதா மூன்றும் சம எடை. ஜப்பானிய இனிப்புக்காரர்கள் கைக்கொள்ளும் பழைய கணக்கு இது. வீட்டுக்கு இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: ஓடு நீக்கிய முட்டை 100 கிராம் (நம் ஊர் முட்டை இரண்டு, சிறியதாக இருந்தால் இரண்டேகால்), சர்க்கரை 100 கிராம், தேன் ஒரு மேசைக்கரண்டி, மிரின் எனும் இனிப்பு அரிசி மது ஒரு மேசைக்கரண்டி, மைதா 120 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. சோடாவை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும். கரையாத துணுக்கு இருந்தால் அந்த இடத்தில் கரும்புள்ளியும் கசப்பும் வரும். நம் மைதாவில் ஜப்பானியக் கேக் மாவைவிடப் புரதம் கூடுதல் என்பதால், அதில் 15 கிராமைக் குறைத்துக்கொண்டு அந்த அளவுக்குக் கார்ன்ஃப்ளோர் சேர்த்தால் மென்மை கூடும்.

முட்டையையும் சர்க்கரையையும் நிறம் சற்று வெளுக்கும் வரை அடித்தால் போதும். நுரை பொங்க அடித்தால் அப்பத்தில் பொத்தல் விழும். மைதாவைச் சலித்துச் சேர்த்துக் கலந்து, மூடி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். ஊறியதும் மாவு கெட்டிப்பட்டிருக்கும். அப்போது இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் விட்டு, கரண்டியிலிருந்து அறுபடாமல் நாடாவாக விழும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி அடுப்பு. தவாவை மிதமான தீயில் நன்றாகச் சூடாக்கி, அடியை ஈரத்துணியின் மேல் ஒரு கணம் வையுங்கள். 'சுர்' என்று சத்தம் வந்து அடங்கும். தவா முழுவதும் சூடு சமமாகிவிடும். எண்ணெயைக் காகிதத்தில் தொட்டுத் தடவி, உலர்ந்த காகிதத்தால் மறுபடி துடைத்துவிடுங்கள். கண்ணுக்கு எண்ணெய் தெரிந்தாலே அதிகம். பிறகு ஒரு சாண் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் மாவை விட்டால் தானே வட்டமாகப் பரவும். கரண்டியால் தேய்க்கக் கூடாது. குறைந்த தீயில் இரண்டு நிமிடம் போனால் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும், பிறகு நடுவிலும் எழும். அந்தக் குமிழிகள் உடையத் தொடங்கும்போது திருப்புங்கள். மறுபக்கத்துக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். அந்தப் பக்கம் வெளிறித்தான் இருக்க வேண்டும், பூரணம் ஒட்டப்போவது அங்கேதான்.

ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் மூடி அடுக்குங்கள். கைபொறுக்கும் சூடு இருக்கும்போது பூரணத்தை நடுவில் குவித்து, இன்னொன்றால் மூடி, ஓரத்தை மெதுவாக அழுத்தி, உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கமாகச் சுற்றுங்கள். மேலே சொன்ன அளவுக்கு 10 முதல் 12 அப்பம், அதாவது ஐந்தாறு டோராயாகி வரும். அன்றைக்கே தின்றால் அப்பம் தனி, பூரணம் தனி என்று தெரியும். ஓர் இரவு போனால் பூரணத்தின் ஈரம் அப்பத்துக்குள் இறங்கி, இரண்டும் ஒன்றாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு சர்க்கரை. மாவின் எடைக்குச் சமமாகப் போடுவதைப் பார்த்துப் பலரும் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். ஈரத்தைப் பிடித்து வைத்து மறுநாளும் மென்மையாக இருக்கச் செய்வதும், அந்தப் பழுப்பு நிறத்தைக் கொடுப்பதும் சர்க்கரையும் தேனும்தான். 80 கிராம் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் வெளிறிய, வறண்ட அப்பம்தான் மிஞ்சும். சர்க்கரை குறைவான பண்டம் வேண்டும் என்றால் டோராயாகியைத் திருத்துவதைவிட மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போவது நல்லது.

மிரின் என்பது அரிசியிலிருந்து செய்யும் இனிப்பான சமையல் மது. சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. வேண்டாம் என்பவர்கள் தேனை இன்னொரு அரைக்கரண்டி கூட்டி, அதே அளவு தண்ணீர் சேர்த்தால் போதும். மினுமினுப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

## தாய்யாகி

பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவது இதுதான். செதில், வால், கண் எல்லாம் பதிந்த மீன். 'தாய்' என்பது ஜப்பானில் விசேஷங்களுக்கு வாங்கும் விலையுயர்ந்த ஒரு கடல் மீனின் பெயர். அதன் உருவத்தை மலிவான பண்டத்தில் கொடுத்ததும் மக்களுக்குப் பிடித்துப்போனது என்பார்கள்.

தாய்யாகியில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் நீண்ட கைப்பிடியுள்ள தனி அச்சில் நெருப்பில் சுடுவது ஒன்று. பல மீன்களைத் தட்டு அச்சில் ஒரே நேரத்தில் சுடுவது மற்றொன்று. ரசிகர்கள் முதலாவதைக் 'கடல் மீன்' என்றும் இரண்டாவதைப் 'பண்ணை மீன்' என்றும் சொல்கிறார்கள். நானிவாயா தனி அச்சுக்காரர்கள். தனி அச்சில் சுட்டது மெல்லிய தோலும் மொறுமொறுப்புமாக இருக்கும். வீட்டு அச்சு பெரும்பாலும் இரண்டு மீன் கொண்ட, புத்தகம் போல மூடும் பாத்திரம் என்பதால், பார்த்துச் செய்தால் அந்த மெல்லிய தோலுக்கு வெகு அருகில் போகலாம். இதுவே வீட்டில் செய்வதற்கான நல்ல காரணம்.

மாவு டோராயாகியைவிட நீர்த்தது, இனிப்பும் குறைவு. மைதா 120 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை 20 முதல் 25 கிராம், முட்டை ஒன்று, பால் அல்லது தண்ணீர் 150 மி.லி. முட்டையில்லாமலும் வரும். அப்போது பாலை 30 மி.லி. கூட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் தோல் நன்றாக மொறுமொறுக்கும். முட்டை சேர்த்ததைவிட இதையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான்.

அச்சின் இரண்டு பக்கத்தையும் சூடாக்கி, பிரஷ்ஷால் செதில் இடுக்கு வரை எண்ணெய் தடவி, ஒரு பக்கத்தில் முக்கால் உயரத்துக்கு மாவு விட்டு, பூரணத்தைத் தலையிலிருந்து வால் வரை நீளமாக வையுங்கள். மேலே மாவு விட்டு மூடி, உடனே கவிழ்த்துவிடுங்கள். கவிழ்த்தால்தான் மாவு மேல் அச்சின் செதிலுக்குள் இறங்கும். பக்கத்துக்கு இரண்டரை மூன்று நிமிடம். ஓரத்தில் கசிந்து தகடாகச் சுட்ட பகுதியை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதையே தனிச் சிறப்பாக விற்கும் கடைகள் உண்டு.

இறக்கியதும் தட்டில் போடாமல் கம்பித்தட்டில் நிறுத்துங்கள். தட்டில் படுத்தால் அதன் ஆவியிலேயே அடிப்பக்கம் நமுத்துவிடும். பத்து நிமிடம் அதன் உச்சம். அரை மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய்விடும். டோஸ்டர் அடுப்பில் சூடாக்கினால் முக்கால்வாசி திரும்ப வரும். மைக்ரோவேவில் மட்டும் சூடாக்கினால் ரப்பர்தான்.

இதன் செலவுகள் பல இடங்களில் ஒளிந்திருக்கின்றன. முதலாவது நேரம்: நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் நான்கு ஈடு, அரை மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. எல்லாரும் சூடாகத் தின்னும்போது செய்கிறவர் கடைசியில்தான் உட்கார முடியும். இரண்டாவது அச்சு. பூச்சுள்ள அலுமினிய அச்சு இலேசானது, ஆனால் செதில் மேடுகளில்தான் பூச்சு முதலில் உரியும். பல அச்சுகள் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. இவாத்தே மாகாணத்தின் புகழ்பெற்ற நம்பு வார்ப்பிரும்பில் செய்த அச்சுகளும் கிடைக்கின்றன. கனமானவை, தோசைக்கல்லைப் போலப் பழக்க வேண்டும், ஆனால் தலைமுறைக்கும் இருக்கும். அளவு சிறியதானாலும் பரவாயில்லை என்றால், தாய்யாகி கொரியாவுக்குப் போய்ப் பிறந்த புங்கொப்பாங் அச்சும் இதற்கு ஆகும்.

மூன்றாவதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஜப்பானுக்குப் போய்வருகிறவர்களிடம் மின்சாரத் தாய்யாகி மெஷின் வாங்கிவரச் சொல்லாதீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். நேரடியாகச் செருகினால் மெஷின் கருகும். சூடாக்கும் சாதனங்கள் இழுக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அதன் விலையும் கனமும் மெஷினைத் தாண்டிவிடும். அடுப்பில் வைக்கும் அச்சையே கேளுங்கள்.

## இமகாவாயாகி

ஒரே பண்டத்துக்கு ஜப்பானில் ஊருக்கு ஊர் பெயர் மாறும்: ஒசாகாவைச் சுற்றிய கான்சாய் பக்கம் கைத்தென்யாகி, வேறு பல இடங்களில் ஓபான்யாகி, ஹிமேஜியில் கோசாசோரோ. செய்முறை தேடும்போது இவற்றை வெவ்வேறு பண்டம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கடையில் இரண்டு பாதியையும் தனித்தனிக் குழியில் சுட்டு, ஒன்றில் பூரணம் வைத்து, மற்றதை எடுத்து மேலே கவிழ்ப்பார்கள். வீட்டில் இதற்கு விலை குறைந்த வழி, தவாவில் 7 அல்லது 8 செ.மீ. அகலமுள்ள எஃகு வளையங்களை வைப்பது. ஜப்பானிய வீடுகளில் பால் அட்டைப் பெட்டியை நாடாவாக வெட்டி, வளைத்து, பேக்கிங் தாள் சுற்றி அதையே வளையமாக்கிக்கொள்வதும் வழக்கம்.

மாவு: மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, முட்டை ஒன்று, சர்க்கரை 40 கிராம், தேன் ஒரு மேசைக்கரண்டி, பால் 170 மி.லி. ஐந்தாறு வரும். வளையத்தின் உட்புறம் வெண்ணெய் தடவி, பாதி உயரத்துக்கு மாவு விட்டு, மிகக் குறைந்த தீயில் மூடி வையுங்கள். சூட்சுமம் சேர்க்கும் நேரத்தில் இருக்கிறது: அடிப்பக்கம் வெந்து மேல்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே பூரணத்தை வைத்து, அதே நிலையிலுள்ள இன்னொரு பாதியை அதன்மேல் கவிழ்க்க வேண்டும். ஈரமும் ஈரமும் சேர்ந்து வெந்தால்தான் விளிம்பு பிரியாது. மேல்பக்கம் காய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது.

நம் பணியாரக்கல்லும் இதற்கு உதவும். தாக்கோயாகி எனும் ஆக்டோபஸ் உருண்டை சுடும் குழிக்கல்லில் சின்னச் சின்ன இனிப்பு உருண்டைகள் சுடுவது ஜப்பானிய வீடுகளில் உண்டு. திருவிழாக் கடைகளில் பேபி கஸ்தேலா என்று பூரணமில்லாமல் சுட்டு விற்பார்கள். அதே முறையில் பணியாரக்குழியில் பாதி மாவு விட்டு, கோலிக்குண்டு அளவு பூரணம் வைத்து, மேலே மூடும் அளவு விட்டுக் குச்சியால் திருப்பினால் ஒரு வாய்ப் பண்டம் கிடைக்கும். வட்ட வடிவம் வராது, ருசி வரும். அச்சு வாங்கும் முன் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றில் பூரணத்துக்கு அதிகம் இடமுள்ளதும் இதுதான். கஸ்டர்ட், வெள்ளைப் பயற்றுப் பூரணம் எல்லாம் கடைகளிலேயே உண்டு. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் தைவானுக்குப் போன இது, அங்கே உலர்ந்த முள்ளங்கி வைத்த கார வகையாகவும் மாறியிருக்கிறது. ஆகவே உருளைக்கிழங்கு, சீஸ் என்று வைத்தால் தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இந்தப் பண்டம் போன ஊரிலெல்லாம் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறது.

செலவு? பொறுமை. தடிமன் அதிகம் என்பதால் தீயைக் கூட்டினால் அடி கருகி நடு வேகாது. ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். அடியில் கனமில்லாத தவா என்றால் இதில் இறங்காதீர்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| | டோராயாகி | தாய்யாகி | இமகாவாயாகி |
|---|---|---|---|
| பாத்திரம் | நான்ஸ்டிக் தவா | மீன் அச்சு | வளையம், குழி அச்சு, பணியாரக்கல் |
| ருசிக்கும் நேரம் | மறுநாள் | பத்து நிமிடத்துக்குள் | சூட்டோடு, ஒரு மணி நேரம் வரை |
| மாவில் சர்க்கரை | மைதாவுக்கு ஏறக்குறையச் சமம் | ஐந்தில் ஒரு பங்கு | நாலில் ஒரு பங்கு |
| முட்டை | அவசியம் | இல்லாமலும் வரும் | சேர்க்காமலும் செய்யலாம், மென்மை குறையும் |
| கஷ்டமான இடம் | சீரான நிறம் | கசியாமல் மூடுவது | நடு வேகுவது |
| கொண்டுபோக | மிகவும் ஏற்றது | ஏற்றதல்ல | அருகில் என்றால் சரி |
| ஒளிந்திருக்கும் செலவு | சர்க்கரை | அச்சு, நிற்கும் நேரம் | பொறுமை, கனமான தவா |

## பூரணம்: உண்மையான வேலை இங்கேதான்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அசுகி எனும் சிவப்புப் பயற்றில் செய்யும் அன்கோ பூரணம் வேண்டும். ஜப்பானில் இந்தப் பயற்றின் பெரும்பகுதி ஹொக்கைதோவில், அதிலும் தொகாச்சி சமவெளியில் விளைகிறது. தோலோடு மசித்தது த்ஸுபுஅன், தோல் நீக்கி வழுவழுப்பாக்கியது கொஷிஅன். வீட்டுக்கு முதலாவதே போதும். தோலைச் சல்லடையில் தேய்த்து நீக்குவது இரண்டு மடங்கு வேலை.

டின்னில் வருவதை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் லேபிளைப் படியுங்கள். ஜப்பானிய டின்களில் சிரப்போடு வரும் வேகவைத்த அசுகியும் உண்டு. அதை அப்படியே வைத்தால் டோராயாகி ஊறிச் சொதசொதத்துப் போகும். சட்டியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்ச வேண்டும். சிங்கப்பூர், மலேசியாச் சீனக் கடைகளில் கிடைக்கும் சிவப்புப் பயற்று விழுதில் எண்ணெய் சேர்ந்திருக்கும், சிலவற்றில் பன்றிக்கொழுப்பும் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களும் முஸ்லிம் நண்பர்களும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பயறாக வாங்கும்போது இன்னொரு சிக்கல். 'ரெட் பீன்ஸ்' என்ற பெயரில் ராஜ்மாவையும் தருவார்கள். ராஜ்மாவின் தடித்த தோல் மசியாது. அசுகி, பாசிப்பயறு அளவைவிடச் சற்றுப் பெரியதாக, ஆழ்ந்த சிவப்பில், வெள்ளைக் கோடு போன்ற முளைக்கண்ணோடு இருக்கும்.

அசுகி கிடைக்காத ஊரில் சிவப்புக் காராமணியே என் பரிந்துரை. இரண்டும் நெருங்கிய சொந்தம். பாசிப்பயறும் அதே குடும்பம்தான். இது நாமாகக் கட்டிச் சேர்க்கும் உறவு இல்லை. விசேஷங்களுக்குச் செய்யும் சிவப்புச் சோறான செகிஹானுக்கு, டோக்கியோவைச் சுற்றிய கான்தோ பகுதியில் அசுகிக்குப் பதில் காராமணி இனமான சசாகேயைப் போடும் வழக்கம் உண்டு. அசுகி வேகும்போது வயிறு வெடித்துவிடும். அது சாமுராய்கள் வயிற்றைக் கிழித்து உயிர் விடுவதை நினைவூட்டும் என்பதால் வெடிக்காத சசாகேயை எடுத்தார்கள் என்பது அங்கே வழங்கும் விளக்கம். காராமணிப் பூரணத்தின் நிறம் கொஞ்சம் மங்கல், மண்வாசம் சற்றுத் தூக்கல். டோராயாகியின் தேன் மணம் அதைச் சமன்செய்துவிடும்.

செய்முறை: 200 கிராம் பயற்றைக் கழுவி, மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஐந்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துவர்ப்பு அதோடு போய்விடும். அசுகிக்கு ஊறவைக்கத் தேவையில்லை. காராமணியை இரவே ஊறவைத்துவிடுங்கள். புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவைத்து, விசிலை எண்ணுவதோடு விட்டுவிடாமல் ஒரு பயற்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கிப் பாருங்கள். நடுவில் கட்டியே தட்டுப்படாமல் மாவாகப் பிதுங்க வேண்டும். சர்க்கரை போட்ட பிறகு பயறு மேற்கொண்டு வேகாது என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது.

தண்ணீரை வடித்து, 160 முதல் 180 கிராம் சர்க்கரையை இரண்டு மூன்று தவணையாகச் சேர்த்துக் கிளறி, கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடி நிற்கும்போது இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும். சட்டியிலேயே கெட்டியாக்கினால் ஆறியபின் கட்டிதான். சுமார் அரை கிலோ கிடைக்கும். ஆறு டோராயாகிக்கு 240 கிராம் போதும். மீதியைத் தட்டையாகப் பொட்டலம் கட்டி ஃப்ரீஸரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். அடுத்த முறை வேலை பாதியாகும்.

ஏலக்காயும் நெய்யும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். முதல் முறை சேர்க்காதீர்கள். அன்கோவில் பயற்றின் மணத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் செய்தால் கையில் கிடைப்பது போளிப் பூரணமாகத்தான் இருக்கும். போளிப் பூரணம் அருமையானது, இமகாவாயாகிக்கும் நன்றாகவே சேரும், ஆனால் அது வேறு பண்டம்.

## யாருக்கு எது

முதல் தடவை செய்கிறீர்கள், நல்ல நான்ஸ்டிக் தவா இருக்கிறது, முட்டை சேர்ப்பீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், டோராயாகி. பள்ளிக்கூட டிபன் பாக்ஸுக்கும், ரயில் பயணத்துக்கும், ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கும் அதுவேதான். சனிக்கிழமை மாலை செய்து ஞாயிறு கொடுக்கலாம். நம் வெயிலில் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்; ஃப்ரிட்ஜில் மூன்று நாள். எடுத்து அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் மென்மை திரும்பிவிடும். உள்ளே க்ரீம் வைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

முட்டை சேர்க்காத வீடு என்றால் தாய்யாகி. முட்டையில்லாத டோராயாகி என்று வரும் செய்முறைகளில் கிடைப்பது சாதாரணப் பான்கேக்தான். பாலும் பேக்கிங் பவுடரும் அந்த நுண்ணிய பஞ்சு போன்ற உட்புறத்தைக் கொடுக்காது. அச்சு வாங்க மனமில்லாவிட்டால், அதே முட்டையில்லாத மாவைப் பணியாரக்கல்லில் விடுங்கள்.

பிள்ளைக்கு வேண்டியது மீன் வடிவம்தான் என்றால் வேறெதைச் செய்து கொடுத்தாலும் முகம் மலராது. அச்சை வாங்கிவிடலாம், ஆனால் அதில் செய்யக்கூடிய வேறு சில பண்டங்களையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். உப்பும் காய்கறியும் சேர்த்த மாவு, ரொட்டித் துண்டுக்கு நடுவே சீஸ், இவையும் அந்த அச்சில் நன்றாக வரும்.

பிறந்தநாள், விருந்தினர், ஆளுக்கொரு ருசி என்ற நிலையில் இமகாவாயாகி. முதல் நாளே இரண்டு மூன்று பூரணம் செய்து வைத்துவிட்டால், அன்றைக்கு மாவு கலந்து ஊற்றுவது மட்டும்தான் வேலை. அடுப்பைச் சுற்றி நின்று பேசிக்கொண்டே செய்யலாம்.

ஜப்பானிலேயே குடியிருக்கும் நம்மவர்களுக்குக் கணக்கு வேறு. சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த இமகாவாயாகி பொட்டலம் சல்லிசாகக் கிடைக்கும். டோஸ்டரில் சூடாக்கினால் குறை சொல்ல முடியாது. நல்ல தாய்யாகிக் கடை நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் அச்சு வாங்குவதற்கும் அவசியமில்லை. அங்கே டோராயாகியைத்தான் வீட்டில் செய்துபாருங்கள். பயற்றை நீங்களே வேகவைத்து, சர்க்கரை அளவை உங்கள் நாக்குக்கு ஏற்றபடி பூரணத்தில் மட்டும் குறைத்துச் செய்வது கடையில் கிடைக்காது. பூரணத்தில் 120 கிராம் வரை இறக்கலாம். இரண்டு நாளுக்குள் தின்றுவிட வேண்டும், அப்பத்துக்கான சர்க்கரையை மட்டும் 80 கிராமுக்குக் கீழே இறக்கக் கூடாது.